செத்தவரின் தசைநார்

"முழங்கால் ஜவ்வு சுத்தமா கிழிஞ்சிருக்கு. இறந்தவர் ஒருத்தர் தானமா கொடுத்த தசைநார் இருக்கு. அதை வச்சுச் சரிபண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

கட்டிலில் கிடந்த மனிதருக்குக் காலெல்லாம் புழு நெளிவது போலிருந்தது.

"பொணத்தோட சதையா? சீ! அதைச் சுமந்துக்கிட்டு எப்படிச் சோறு இறங்கும்? என் தொடையிலிருந்தே வெட்டி எடுங்க!"

"நீங்க போய் இப்படிப் பேசலாமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் பிடிவாதம்தான் வென்றது. இரண்டு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பினார்.

பிணவறை வாசலில், கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். உடலுறுப்பு தான ஆலோசகரான அவர், கனிவோடு படிவத்தை நீட்டினார்.

"செத்தவரோடதுன்னு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்களா சார்?"

"சேச்சே! மனுஷனாப் பொறந்தவன் சுளிப்பானாம்மா? இங்கே கையெழுத்துப் போடுங்க."