புகார்ப் புத்தகம்

"கூரை எங்கே? டிக்கெட் போட்டு விடறீங்களே, ஒரு வீட்டுக்காவது கூரை இருக்கா?"

ரோமானியர் காலத்து இடிபாடுகளின் வாசலில் நின்று அதெரீத்து போட்ட சத்தத்தில், டிக்கெட் கொடுக்கும் பெண் மிரண்டுபோனாள்.

"ஐயா, இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி கட்டினது..."

"ரெண்டாயிரம் வருஷமாச்சு, இன்னுமா ரிப்பேர் பண்ணலை? எடும்மா புகார்ப் புத்தகத்தை!"

கேட்டவருக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது போர்ச்சுகல் சட்டம். கொடுத்தாள். அவர் வேகமாக எழுதி, புகார் கொடுத்தவருக்கான நகலைக் கிழித்துக்கொண்டார்.

மனைவி சுல்மீரா ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். கல்யாண நாளாச்சே, காரில் ஒரு சுற்று போய்வரலாம் என்று கிளம்பியது அவள் யோசனைதான்.

அடுத்து அரண்மனைத் தோட்டம்.

"உங்க மயில் என்னை மேலயும் கீழயும் பார்க்குது. மரியாதை தெரியாத மயில்!"

வயதான காவலாளி தலையைச் சொறிந்தார். "மயிலை நான் என்னங்க பண்றது?"

"புத்தகத்தைக் கொண்டாங்க, சொல்றேன்!"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் செல்போனில் படம்கூட எடுத்தான்.

சாயங்காலம், கடற்கரைப் பாறை மேல் இருந்த கலங்கரை விளக்கம். காரை விட்டு இறங்கும்போதே சுல்மீரா கெஞ்சினாள். "இங்கேயாவது வாயை மூடிக்கிட்டு இருங்க."

அவர் காதில் வாங்கவே இல்லை. வாசலில் இருந்த பெண்ணிடம் நேராகப் போனார்.

"கடல் ரொம்பச் சத்தம் போடுது. கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா."

"யார்கிட்ட ஐயா சொல்றது?"

"அதையும் நானே சொல்லணுமா? எங்கே புத்தகம்?"

சுல்மீரா விறுவிறுவென்று காருக்குத் திரும்பினாள். போதும். இனி இந்த மனுஷனோடு ஒரு மைல்கூடப் போவதில்லை. பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

கண்ணைத் துடைக்கக் காகிதம் தேடிக் காரின் டிராயரைத் திறந்தாள். புகார் நகல்கள் இரண்டு மடித்துக் கிடந்தன.

'டிக்கெட் கொடுக்கும் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. காலெல்லாம் வீங்கியிருக்கிறது. உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.'

'தோட்டக் காவலாளிக்கு எழுபது வயதிருக்கும். நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. இது நியாயமா?'

கூரையைப் பற்றியோ மயிலைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அதெரீத்து மூன்றாவது நகலோடு வந்து காரில் ஏறினார். அவள் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்து அசடு வழிந்தார்.

"இதை நல்லவிதமாச் சொல்லக்கூடாதா?"

"நல்லவிதமாச் சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க, சுல்மீரா. இதுல எழுதினா மேலிடம் பதில் சொல்லியே தீரணும்."

"சரி, எழுதுங்க. அதுக்கு அந்தப் பாவப்பட்டவங்ககிட்ட ஏன் அந்தக் கத்துக் கத்தறீங்க?"

"நான் சிரிச்சுப் பேசிட்டு எழுதினா, அவங்கதான் என்னைத் தூண்டிவிட்டாங்கன்னு மறுநாளே மேலிடம் அவங்களை வேலையை விட்டுத் தூக்கிடுமே!"