செம்பைப் பிடித்த கந்தகம்

ஒரு உருளைக்கிழங்குக்குள் ஒரு நொதி இருந்தது. கிழங்கில் எங்கே காயம் பட்டாலும் ஓடிப்போய் அந்த இடத்தைக் கறுக்க வைப்பதுதான் அதன் வேலை. கறுத்த இடத்தில் கிருமி சுலபமாக நுழையாது. மண்ணுக்குள் கிடந்த நாளெல்லாம் கிழங்கை அப்படித்தான் அது காப்பாற்றியது.

ஒருநாள் சமையல்காரி கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டாள். உடம்பெல்லாம் காயம். நொதி பதறிப்போய் வேலையைத் தொடங்கியது.

"போதும்ப்பா. கறுத்துப்போனா என்னைக் குப்பையில போட்டுருவா," என்று கிழங்கு கெஞ்சியது.

"காயத்தைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்றது நொதி. அதற்கு நிறுத்தத் தெரியவில்லை.

அப்போது சமையல்காரி நசுக்கிய பூண்டைக் கிழங்கில் போட்டுப் பிசறினாள். பூண்டுச் சாற்றிலிருந்து பொடியான ஒரு கந்தக மூலக்கூறு வந்தது. நொதியின் கையில் ஒரு செம்பு அணு இருந்தது. அது இல்லாமல் வேலை நடக்காது. கந்தகம் அந்தச் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

"விடுங்க அண்ணே, கிழங்குக்கு அடிபட்டிருக்கு."

"தெரியும் தம்பி. இங்கே கிருமியை அடுப்பு பார்த்துக்கும். நீ கொஞ்சம் உட்காரு."

நொதி திமிறிப் பார்த்தது. பிடி தளரவில்லை.

ஓரம் லேசாகச் சிவந்ததோடு கிழங்கு தப்பியது. வாணலிக்குப் போகுமுன் கந்தகத்துக்கு நன்றி சொன்னது. பிறகு நொதியிடம் திரும்பி, "மண்ணுக்குள்ள இத்தனை நாள் என்னைக் காப்பாத்தினியே, உனக்கும்தான் நன்றி," என்றது.

கை சும்மா இருக்கும்போதும் தனக்கு ஒருவர் நன்றி சொல்வார் என்று நொதி நினைத்ததே இல்லை.