காயப்போட்ட தீவு

கடலில் மூழ்கிய ஒரு தீவை இழுத்துத் துவைத்துக் காயப்போட்டவள் பிலோமினா. அப்படித்தான் அவளே சொல்வாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து ஓய்வு பெற்றவள். ஊர்ப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும் மணல்தீவு சேட்டலைட் படத்தில் காணாமல் போயிருந்தது. படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டராம். தீவின் அகலம் அதில் பாதிகூட இல்லாததால் கம்ப்யூட்டர் அதற்கும் நீலம் பூசிவிட்டது. தீவு இல்லையென்றால் பாசி எடுக்க அனுமதியும் இல்லை என்றார் அதிகாரி.

பிலோமினா ஊரிலிருந்த வெள்ளைத் துணியையெல்லாம் தீவில் விரிப்பதற்காகப் படகில் ஏற்றினாள்.

"மதினி, வானத்துல போறதுக்கு ஒங்க வெளுப்பு தெரியுமாக்கும்?" என்று சிரித்தாள் நாத்தனார் ஜெசிந்தா.

"ஒங்கண்ணன் வேட்டியப் பாத்துக் கண்ணு கூசித்தான் சந்திரனே மேகத்துக்குள்ள போனான், தெரியுமா?"

முதல் சுற்றில் சேட்டலைட்டை மேகம் மறைத்தது. அடுத்த சுற்றில் காற்று விரிப்புகளை வாரிக்கொண்டு போனது. இரண்டைத் திமிங்கலத்தின் வாயிலிருந்து உருவியதாகச் சொன்னாள். மூன்றாவது சுற்றுக்குக் கல் கட்டி விரித்தாள். மணல் போதாத இடத்தில் தெப்பங்களை மிதக்கவிட்டு அவற்றின் மேலும் விரித்தாள்.

அதிகாரி புதுப்படத்தோடு வந்தார். நீலத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. "மணல் நல்லா சேந்திருக்கு. அனுமதி உண்டு. ஆனா ஓரத்துல இது என்ன, செவப்பா?"

பிலோமினாவுக்கே தெரியவில்லை. ஜெசிந்தா அவள் காதருகே குனிந்தாள்.

"என் கல்யாணச் சேலை, மதினி. வெள்ளை பத்தலன்னு நாந்தான் விரிச்சேன். நெசமாவே தெரியுது."