திங்கக்கிழமை வாங்க

"ஞாயித்துக்கிழமை வேணாம் தம்பி. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க" என்றார் வீட்டு புரோக்கர் ரத்தினசாமி.

"எனக்கு லீவே ஞாயித்துக்கிழமைதான் அண்ணாச்சி."

"பரவாயில்ல, ஒரு நாள் லீவு போடுங்க."

முனியராஜுக்கு எரிச்சல். சிவகாசி அச்சகத்தில் சேர்ந்த மாதமே, வாடகை வீடு பார்க்க லீவு கேட்க வேண்டியதாயிற்று. "இவருக்குக் கமிஷன் வேற. வீட்டுக்காரரையே நேரா பாத்திருக்கலாம்" என்று காரியாபட்டியிலிருந்து வரும் வழியெல்லாம் மனைவி எழிலிடம் முணுமுணுத்தான்.

எழிலுக்கு வீடு பார்த்ததுமே பிடித்துவிட்டது. தோளில் தூங்கும் குழந்தையோடு ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். "இதையே முடிச்சிருவோங்க" என்றாள்.

அப்போது படபடவென்று வெடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. குழந்தை வீறிட்டு அழுதது.

"பின்னால பட்டாசு கம்பெனிம்மா" என்றார் ரத்தினசாமி. "வெடிச்சுப் பாத்துட்டுத்தான் லோடு அனுப்புவாக. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு. அன்னைக்கு வந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பச்சப்பிள்ளைக்கு இது ஒத்துவராது. வேற வீடு காட்டுறேன், வாங்க."

முனியராஜின் குரல் தணிந்துவிட்டது. "வந்த ஆளை இப்படித் திருப்பி அனுப்புறீகளே அண்ணாச்சி, வீட்டுக்காரவுக கோவிச்சுக்க மாட்டாகளா?"

"கோவிக்கத்தான் செய்யிறா, என் சம்சாரம்" என்றபடி ரத்தினசாமி கதவைப் பூட்டினார். "நான் இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முந்தி வாங்குன வீடு. புரோக்கருக்கு எதுக்குக் கமிஷன்னு, நாங்களே நேரா பேசி ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்தோம்."