மாடி வீட்டுக் கம்ப்யூட்டர்

“தம்பி, கம்ப்யூட்டர் மறுபடியும் அசைய மாட்டேங்குதுப்பா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?”

மாடிப்படியிலிருந்து தமிழ்வாணியக்காவின் குரல் கேட்டதும் ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் பாண்டியராஜனோ அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சென்னைக் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது வேலை போனவன் அவன். வண்டியூருக்குத் திரும்பியதிலிருந்து யார் முகத்தைப் பார்க்கவும் கூசினான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தான். கொழுந்தியாள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

நொந்து கிடந்தவனை, மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இந்த அம்மா சம்பளமில்லாத வேலைக்காரனாக்கிவிட்டாள் என்று ரோகிணிக்கு ஆத்திரம்.

ஒரு நாள் திரை அப்படியே உறைந்து நிற்கும். இன்னொரு நாள் ஆன் செய்தால் டீ குடித்து முடிக்கிறவரை சுற்றிக்கொண்டே இருக்கும். நேற்று உள்ளேயிருக்கும் ‘ராம்’ மெமரி கார்டு பாதி கழன்றிருந்ததாம்.

“அது எப்பிடிங்க தன்னால கழலும்?”

“தூசி தட்டுறேன்னு எதையாச்சும் புடிச்சு இழுத்திருப்பாங்க. பாவம், ஒண்ணுமே தெரியல அவங்களுக்கு.”

இன்றைக்குக் கீழே வந்தவன் சாப்பிட்டு முடித்ததும் வண்டிச் சாவியை எடுத்தான்.

“தெப்பக்குளம் வரைக்கும் போயிட்டு வாரேன். அக்காவுக்கு ஒரு கேபிள் வாங்கணும்.”

“கடைக்கும் நீங்கதான் போகணுமா?”

பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனான்.

ரோகிணிக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று மாடியேறினாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தமிழ்வாணி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஹார்ட் டிஸ்க் போகப்போகுதும்மா, அதான் இழுக்குது. அவசரப்பட்டு ஃபார்மேட் பண்ணிராத. மொதல்ல எல்லாத்தையும் காப்பி எடு.”

“சரிங்க மேடம்!” ஸ்பீக்கரில் ஓர் இளம்பெண்ணின் குரல். “நீங்க ரிட்டையர் ஆனப்புறம் நம்ம பாலிடெக்னிக் லேப்ல ஹார்ட்வேர் சொல்லித்தர சரியான ஆளே இல்ல மேடம்.”

போனை வைத்துத் திரும்பிய தமிழ்வாணி, வாசலில் நின்ற ரோகிணியைப் பார்த்துத் திகைத்துப்போனாள். கையில் ஸ்குரூ டிரைவர். மேஜைமேல் அவளுடைய கம்ப்யூட்டர், மூடி கழன்று திறந்து கிடந்தது.

“அக்கா... உங்களுக்கு எல்லாம் தெரியுமா?”

“குடிவந்த அன்னைக்கே அந்த அறைக்கதவு சாத்திக் கெடந்ததப் பாத்தேன் தாயி. வெளிய வாப்பான்னு சும்மா கூப்பிட்டா வருவானா?”

காலையில் அவன் சவரம் பண்ணிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தது ரோகிணிக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்க அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன்கிட்ட சொல்லிராத ரோகிணி,” என்றாள் தமிழ்வாணி, குரலைத் தாழ்த்தி. “நாளைக்கு எதைக் கழட்டி வைக்கலாம்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”