ஆலோசனை நேரம்
மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றுகிறது. கம்பெனி மூடியதில் வேலை போன தையல்காரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள்; மிஷின் மிதித்த பழக்கத்தில் அவள் பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. "உங்களுக்குத்தான் தேடிட்டு இருக்கேன்மா, கொஞ்சம் பொறுமையா இருங்க" என்கிறார் வேலைவாய்ப்பு ஆலோசகர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல். போன வாரமும் இதே பாட்டுதான். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அவள் கையைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன. அவர் முதுகுக்குப் பின்னால், அலமாரிக் கண்ணாடியில், அந்தத் திரை பளிச்சென்று தெரிகிறது: தனி ஆளாக ஆடும் சீட்டாட்டம். அவளுக்குக் காதுமடல் சுடுகிறது. கைப்பையின் வாரை முறுக்குகிறாள், விடுகிறாள், மறுபடியும் முறுக்குகிறாள். "அந்தச் சிவப்புப் பத்தை எடுத்துக் கறுப்பு ஜாக்கி மேல வைங்க சார்." மௌஸ் நகர்கிறது, சீட்டு போய்ச் சரியாக உட்காருகிறது. அப்புறம்தான் அவர் தலை நிமிர்கிறது.