விரலை எடுக்காத மனு

கைபேசித் திரையில் வந்த இணைய மனுவில் பெருவிரலை வைத்தால் மட்டும் போதாது, சாயங்காலம் வரை எடுக்கவும் கூடாது. விரல்கள் அழுந்தியிருக்கும் வரைதான் மனுவுக்கு உயிர். வேலை கிடைக்கும்வரை படிப்புக் கடனுக்கு வட்டி கூடாது என்று கேட்கிற மனு அது.

செங்கமலத்துக்குக் கைநாட்டென்றாலே ஆகாது. மகள் தாமரையின் கடனுக்கு, என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே விரலை உருட்டிவிட்டு வந்தவள். தாமரை இன்னும் வேலை தேடுகிறாள், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த ரோஷத்தில்தான் தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தாள்.

"சட்டுனு வச்சிட்டு வாக்கா, கலவை இறுகுது," என்றாள் கட்டடத்தில் கூடச் சித்தாள் வேலை பார்க்கும் நாவம்மா, தன் கைபேசியை அழுத்தியபடி.

"இருடி. இந்தத் தடவ படிச்சிட்டுத்தான் வைப்பேன்."

எழுத்துக்கூட்டிக் கடைசி வரிவரை படித்தாள். பிறகு விரலில் ஒட்டிய சிமெண்டைச் சேலையில் துடைத்துவிட்டு அழுத்தினாள்.

மேஸ்திரி கத்தினார். "ஆளுக்கு ஒத்தக் கைய வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிப்பீங்க? அரைக் கூலிதான் தருவேன்!"

"ரெண்டு அரை சேந்தா ஒரு முழு ஆளு மேஸ்திரி. நீங்க கணக்கு மறந்துட்டீங்க," என்றாள் செங்கமலம்.

கலவைச் சட்டியின் ஒரு விளிம்பை அவளும் மறு விளிம்பை நாவம்மாவும் பிடித்துப் படியேறினார்கள். மேலே கொத்தனாரும் ஒற்றைக் கையால்தான் பூசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடியில் கைபேசி ஒலித்தது. தாமரைதான். எடுத்தால் விரல் நகர்ந்துவிடும்.

"நல்ல சேதியோட சாயங்காலம் நானே கூப்புடுறேன்டி," என்று ஒலித்துக்கொண்டிருந்த கைபேசியிடம் சொல்லிவிட்டு, செங்கமலம் அடுத்த சட்டிக்கு இறங்கினாள்.